ஏர்லைன் வேலையில இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சு கம்பெனி ஆரம்பிச்சவங்க: ஜெப்பசன்ல இருந்து ஆரம்பிக்கலாம்

மேகவழி

எல்லாருக்கும் வணக்கம். விமானத்துல கண்டுபிடிப்புன்னு பேச ஆரம்பிச்சாலே ரைட் சகோதரர்கள், அப்புறம் நேரா போயிங், ஏர்பஸ்னு தாவிடுறோம். நடுவுல ஒரு கூட்டம் இருக்கு. ஏர்லைன்ல மாச சம்பளத்துக்கு வேலை பாத்து, அந்த வேலையில எது உயிரை வாங்குதோ அதுக்கு தானே ஒரு வழி கண்டுபிடிச்சு, பின்னாடி அதையே தொழிலாக்கினவங்க. அவங்களைப் பத்திதான் இந்த இழை. என்னைப் பொறுத்தவரைக்கும் அதுல முதல் ஆள் எல்ரே ஜெப்பசன்.

1907ல லூசியானாவுல லேக் சார்ல்ஸ்ங்கிற ஊர்ல பொறந்தவர், டென்மார்க்ல இருந்து வந்த குடும்பம், வளந்தது ஆரிகன்ல. சின்ன வயசுலயே பழைய ஜென்னி விமானம் ஒண்ணை வாங்கி ஓட்டினவர். 1930ல போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட்ல (அதுதான் பின்னாடி யுனைடெட் ஏர்லைன்ஸ் ஆச்சு) தபால் விமானம் ஓட்டினாரு, சால்ட் லேக் சிட்டிக்கும் ஷையெனுக்கும் நடுவுல. ராக்கி மலைத்தொடர், குளிர்காலம், திறந்த காக்பிட். அப்ப பைலட்டுக்குன்னு தனியா மேப் கிடையாது, கார் ஓட்டுறவங்க வச்சிருக்கிற ரோட் மேப்பை மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, மேகம் கீழ இறங்குனா ரயில் தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே தாழ்வா பறக்கணும், அந்த தண்டவாளம் சுரங்கத்துக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. கூட வேலை பாத்தவங்க செத்துக்கிட்டே இருந்தாங்க.

அவர் பண்ணது பத்து சென்ட்டுக்கு ஒரு கருப்பு நோட்டு வாங்கினது. இறங்குற ஒவ்வொரு இடத்தைப் பத்தியும் எழுத ஆரம்பிச்சாரு. ஓடுபாதை எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சரிவு, மழை பெஞ்சா தண்ணி நிக்குமா, பக்கத்துல என்ன உயரத்துல என்ன நிக்குது. லீவு நாள்ல ஆல்டிமீட்டரைத் தூக்கிக்கிட்டு மலை, தண்ணி டேங்க், புகைபோக்கின்னு ஏறி உயரம் அளந்து குறிச்சாரு. வழியில இருக்கிற விவசாயிகளோட போன் நம்பர் கூட அந்த நோட்டுல இருந்துச்சு, கிளம்புறதுக்கு முன்னாடி கூப்பிட்டு அங்க வானம் எப்படி இருக்குன்னு கேக்க. மத்த பைலட்டுங்க அதைப் பாத்து காப்பி கேக்க, 1934ல வீட்டு பேஸ்மெண்ட்ல வச்சு அச்சடிச்சு பத்து டாலருக்கு வித்தாரு. கம்பெனி ஆரம்பிச்சது அப்படித்தான். மனைவி நாடீனும் அதே ஏர்லைன்ல ஏர் ஹோஸ்டஸ்ஸா இருந்தவங்க, தொழில்ல கூடவே நின்னாங்க.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரு? எழுதுங்க.

ஓடுபாதை27

அருமையான தொடக்கம் மேகவழி. நான் பேப்பர் சார்ட் (பைலட்டுங்க வழி பாத்து இறங்க உபயோகிக்கிற வரைபடத் தாள்) காலத்துலயே பறக்க ஆரம்பிச்சவன், அதனால இதுல கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்னு தோணுது.

ஜெப்பசன் கதையை எழுதுறவங்க எல்லாம் அந்த கருப்பு நோட்டுலயே நின்னுடுறாங்க. நோட்டு எழுதின பைலட் அவர் ஒருத்தர் மட்டும் இல்ல, அந்தக் காலத்துல பல பேர் சொந்தமா குறிச்சு வச்சிருப்பாங்க. அவரோட உண்மையான கண்டுபிடிப்பு ரெண்டு விஷயம்னு நான் நினைக்கிறேன். ஒண்ணு, இறங்குற வழியை மேல இருந்து பாக்குற மாதிரி ஒரு படம், பக்கவாட்டுல இருந்து பாக்குற மாதிரி இன்னொரு படம்னு ஒரே தாள்ல போட்டது. எங்க திரும்பணும், எந்த இடத்துல எவ்வளவு உயரத்துல இருக்கணும், எது வரைக்கும் இறங்கலாம், அதுக்கு மேலயும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியலன்னா எந்தப் பக்கம் ஏறித் தப்பிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல, விமானம் குலுங்குறப்ப, சின்ன லைட் வெளிச்சத்துல பாத்தாலும் கண்ணு தேடுற விஷயம் தேடுற இடத்துலயே இருக்கும். உலகத்துல எந்த ஏர்போர்ட் தாளை எடுத்தாலும் அதே இடத்துல இருக்கும். அதோட அருமை கையில வச்சு இறங்கினவனுக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது, ரிவிஷன். புத்தகமா பைண்ட் பண்ணாம தனித்தனி தாளா ரிங் பைண்டர்ல போட்டது. ஒரு டவர் புதுசா எழும்புச்சுன்னா அந்த ஒரு தாளை மட்டும் மாத்துனா போதும். சந்தாதாரருக்கு உறை வரும், பழைய தாளைக் கிழிச்சுப் போட்டு புதுசைச் சொருகி, எந்த ரிவிஷன் எந்தத் தேதியில போட்டோம்னு முன்பக்கத்துல குறிக்கணும். எங்க ஜெனரேஷன் பைலட் எவரைக் கேட்டாலும் ஓய்வு நாள்ல உக்காந்து இதைப் பண்ணின அலுப்பைச் சொல்லுவாங்க. அலுப்பா இருந்தாலும் அந்த உறை ஒழுங்கா வந்ததாலதான் பல பேர் இன்னைக்கு உயிரோட இருக்கோம். இப்ப உலகம் முழுக்க ஏய்ராக்னு 28 நாளுக்கு ஒருதடவை ஒரே தேதியில தகவல் மாறுற முறை இருக்கே, அதுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணமும் இதுதான், எல்லாரும் ஒரே நாள்ல ஒரே தகவலோட பறக்கணும்.

தொழிலா நின்னதுக்கும் அதுதான் காரணம். நோட்டை ஒருதடவைதான் விக்க முடியும். அந்த நோட்டு என்னைக்கும் சரியா இருக்கும்ங்கிற உத்தரவாதத்தை மாசாமாசம் விக்கலாம்.

தரைவிளக்கு

ஓடுபாதை சார் சொன்னது புதுசா இருக்கு, நன்றி. என் பங்குக்கு ராபர்ட் பிளாத். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ்ல 747 ஓட்டின பைலட். இன்னைக்கு நாம நிமித்தி வச்சு கைப்பிடியை வெளிய இழுத்து ரெண்டு சக்கரத்துல சாய்ச்சு இழுத்துட்டுப் போற பெட்டி இருக்கே, அது அவர் 1987ல உருவாக்கினது. அதுக்கு முன்னாடியும் சக்கரம் வச்ச பெட்டி இருந்துச்சு, பெர்னார்ட் சாடோன்னு ஒருத்தர் 1972லயே காப்புரிமை வாங்கிட்டாரு. ஆனா அது படுக்கையா நாலு சின்ன சக்கரத்துல வார் கட்டி இழுக்கிறது, கொஞ்சம் திரும்பினா சாய்ஞ்சு விழும். பிளாத் அதை நிக்க வச்சாரு, அவ்வளவுதான்.

அவர் முதல்ல வித்தது யாருக்குன்னு பாருங்க, கூட வேலை பாக்குற பைலட்டுங்களுக்கும் கேபின் க்ரூவுக்கும். யூனிஃபார்ம்ல இருக்கிறவங்க அந்தப் பெட்டியை இழுத்துட்டு டெர்மினல்ல நடக்க நடக்க, பாத்த பயணிங்க எல்லாம் இது எங்க கிடைக்கும்னு கேக்க ஆரம்பிச்சாங்க. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வழி எந்தப் பணத்துக்கும் கிடைக்காது. டிராவல்ப்ரோன்னு கம்பெனி ஆரம்பிச்சு, பறக்குற வேலையையே விட்டுட்டாரு.

கணக்கன்

பெட்டி நல்ல கண்டுபிடிப்புதான், ஆனா அது விமானத் துறை கண்டுபிடிப்பா? ஜெப்பசன் பண்ணது உயிர் காக்குறது, பிளாத் பண்ணது தோள் வலி காக்குறது. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

தரைவிளக்கு

கணக்கன் அண்ணா, ஒரே தட்டுல வைக்கல. ஆனா வழி ஒண்ணுதானே? ரெண்டு பேரும் தனக்கு வேணும்னு செஞ்சாங்க, அதே வேலை பாக்குறவங்க முதல்ல வாங்கினாங்க, வெளி உலகம் அப்புறம்தான் வந்துச்சு. அதோட தோள் வலியைச் சின்ன விஷயமா சொல்லாதீங்க. கேபின் க்ரூவா வேலை பாத்த யாரையாவது கேளுங்க, வாரத்துல பல தடவை பெட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பும் தோளும் என்ன ஆகும்னு. அந்த வேலையில இருக்கிறவங்க உடம்புக்கு மதிப்பு குடுத்து ஒருத்தர் யோசிச்சாருன்னா எனக்கு அது பெருசுதான்.

ஹேங்கர்_தம்பி

எல்லாரும் பைலட் பத்தியே பேசுறீங்க, நான் மெயின்டனன்ஸ் பக்கம், அதனால ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்றேன். நாங்க எவ்வளவோ சின்னச் சின்ன டூல், ஜிக், ஸ்டாண்ட் எல்லாம் செஞ்சிருக்கோம். நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு பேனலைக் கழட்டி மாட்டுறப்ப ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கணும், நான் ஒரு தாங்கி செஞ்சு குடுத்தேன், ஒரே ஆள் பண்ணலாம், கை நசுங்குற ஆபத்தும் இல்ல. எல்லா ஷிஃப்ட்லயும் அதைத்தான் உபயோகிச்சாங்க. பின்னாடி அதோட படம் இன்னொரு பிரிவோட பேர்ல உள் பரிசுக்குப் போச்சு. என் பேரே இல்ல. கேட்டதுக்கு, வேலை நேரத்துல கம்பெனி பொருள்ல செஞ்சது கம்பெனியோடதுன்னு சொல்லிட்டாங்க.

சட்டப்படி அது அவங்களோடதாவே இருக்கட்டும், ஆனா பேரைப் போடுறதுல என்ன குறைஞ்சுடும்? ஜெப்பசனுக்கு மட்டும் எப்படி யுனைடெட் விட்டுச்சு? வேலையில இருந்துக்கிட்டே வித்தாருல்ல?

ஓடுபாதை27

தம்பி, உங்க வேதனை புரியுது, பேர் போட்டிருக்கணும், அதுல ரெண்டாவது கருத்தே இல்ல.

உங்க கேள்விக்கு வர்றேன். அவர் லீவு நாள்ல, சொந்தக் காசுல, சொந்த ஆல்டிமீட்டர்ல செஞ்சாரு. யுனைடெட்டுக்கும் அதுல லாபம், அவங்க பைலட்டுங்களே உயிரோட திரும்பி வர்றாங்க. அந்த ஏர்லைனே பின்னாடி அவரோட வாடிக்கையாளர் ஆச்சு. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க கடற்படையும் வாங்குச்சு. 1947ல அரசாங்கமும் அவரோட சேந்து கருவி உதவியோட இறங்குற முறைகளை ஒரே சீரா வகுத்தாங்க. இவ்வளவுக்கும் நடுவுல விமானம் ஓட்டுறதை அவர் விடல, 1950கள்லதான் யுனைடெட்டை விட்டு முழு நேரமா கம்பெனிக்கு வந்தாரு. கிட்டத்தட்ட இருபது வருஷம் ரெண்டு வேலை. வேலையை விடாததை நான் பயம்னு சொல்ல மாட்டேன், தினமும் தன் தாளைத் தானே காக்பிட்ல சோதிச்சுக்கிட்டு இருந்தாருன்னுதான் பாக்குறேன்.

கணக்கன்

உரிமை பத்தி தம்பி கேட்டதால நான் படிச்சதைச் சொல்றேன். இந்தியாவுல 1970ம் வருஷ காப்புரிமைச் சட்டத்துல, ஊழியர் கண்டுபிடிச்சா அது யாருக்குச் சொந்தம்னு தனியா ஒரு பிரிவு கிடையாது. அதனால வேலையில சேரும்போது கையெழுத்துப் போடுற ஒப்பந்தம்தான் பேசும். பிரிட்டன்ல 1977 சட்டத்துல 39ம் பிரிவு இதைத் தெளிவா சொல்லுது, வழக்கமான வேலையோட பாகமா, அதுல கண்டுபிடிப்பு வரும்னு எதிர்பார்க்கக்கூடிய சூழ்நிலையில செஞ்சா முதலாளிக்கு, இல்லன்னா பெரும்பாலும் ஊழியருக்கு. அமெரிக்காவுல காப்புரிமை ஊழியர் பேர்ல இருந்தாலும், கம்பெனி நேரத்துல கம்பெனி பொருள்ல செஞ்சிருந்தா கம்பெனி அதைக் காசு குடுக்காம உபயோகிச்சுக்கலாம்னு கோர்ட் தீர்ப்புங்க வழியா வந்த ஒரு உரிமை இருக்கு.

ஆனா ஒண்ணு இருக்கு, காப்புரிமை விண்ணப்பத்துல கண்டுபிடிச்சவர் பேர் வந்தே ஆகணும், உரிமை யாருக்குப் போனாலும். தம்பி விஷயத்துல காப்புரிமைன்னு எதுவும் போகல போல, அதனால அந்தப் பாதுகாப்பும் இல்லாம போச்சு.

நீலவானம்

இந்த இடத்துல ஜாக் கிராண்ட் பேரைச் சொல்லியே ஆகணும். குவாண்டாஸ்ல வேலை பாத்தவர். ஆபத்துல விமானத்துல இருந்து சறுக்கி இறங்குற ஸ்லைடு இருக்கே, தண்ணியில விழுந்தா அதையே கழட்டி மிதவையா உபயோகிக்கிற மாதிரி 1965ல செஞ்சவர். அதுக்கு முன்னாடி ஸ்லைடு தனி, மிதவை தனி. இருட்டுல, தண்ணி ஏறிக்கிட்டு இருக்கிறப்ப, கனமான மிதவையை மேல இருந்து இறக்கி கதவு வரைக்கும் யார் தூக்கிட்டு வர்றது? கதவைத் திறந்ததும் வெளிய விரியிற பொருளே படகாவும் இருந்தா அந்தக் கேள்வியே இல்ல.

அவர் ஜெப்பசன் மாதிரி கம்பெனி ஆரம்பிச்சுப் பெரிய ஆளானவர் இல்ல. ஆனா கடல் மேல பறக்குற எத்தனையோ பெரிய விமானத்துல அந்த எண்ணம் கதவுக்குள்ள மடிஞ்சு கிடக்கு. தொழிலதிபர் ஆனவங்களை மட்டும் கொண்டாடினா இவங்க எல்லாம் விடுபட்டுப் போயிடுவாங்க.

ஹேங்கர்_தம்பி

நன்றி கணக்கன் அண்ணா, நன்றி நீலவானம். ஜாக் கிராண்ட் பேரை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன், ஸ்லைடு பேக் எத்தனை மாத்தியிருப்பேன்.

மேகவழி

நம்ம நாட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, கேப்டன் அமோல் யாதவ். ஜெட் ஏர்வேஸ்ல பைலட்டா இருந்துக்கிட்டே மும்பை காந்திவலியில வீட்டு மொட்டை மாடியில ஆறு பேர் உக்கார்ற விமானத்தைக் கட்டினவர். 2016ல மேக் இன் இந்தியா கண்காட்சியில கொண்டு வந்து வச்சப்பதான் நாட்டுக்கே தெரிஞ்சுது. டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) பதிவு 2017 நவம்பர்ல கிடைச்சுது. அந்தப் பதிவுக்கு அவர் அலைஞ்ச அலைச்சல் பெருசு. இதைப் பாத்தா, நம்ம ஊர்ல கண்டுபிடிக்கிறதை விட கண்டுபிடிச்சதைப் பதிவு பண்றதுதான் கஷ்டம்னு தோணுது.

ஓடுபாதை27

மேகவழி, அவர் உழைப்புக்குத் தலை வணங்குறேன். ஆனா விதிமுறையை மட்டும் குத்தம் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. சோதனை விமானம்னு பதிவு வாங்குறது வேற, டைப் சர்டிஃபிகேட் (இந்த மாடல் வடிவமைப்பு பாதுகாப்பானதுன்னு குடுக்கிற சான்று) வாங்கி டிக்கெட் போட்டு ஆளை ஏத்துறது வேற. விமானத்தோட உடம்பு அது பறக்கும்போது சந்திக்கக்கூடிய அதிகபட்ச சுமையை விட ஒன்றரை மடங்கை மூணு செகண்டாவது உடையாம தாங்கணும்னு விதி இருக்கு. இதை நிரூபிக்க ஒரு விமானத்தை ரிக்ங்கிற சோதனைச் சட்டத்துல மாட்டி இறக்கையை வளைச்சுக் காட்டணும், அந்த விமானம் அதோட முடிஞ்சது. இன்ஜின் நின்னா என்ன ஆகும், ஐஸ் பிடிச்சா என்ன ஆகும், ஒவ்வொண்ணுக்கும் சோதனை, அறிக்கை. இந்தச் செலவை ஒரு பைலட்டோட சம்பளம் தாங்காது, வீட்டை அடகு வச்சாலும் தாங்காது.

ஜெப்பசனுக்கும் பிளாத்துக்கும் இந்தச் சுவர் கிடையாது. ஒருத்தர் செஞ்சது காகிதம், இன்னொருத்தர் செஞ்சது பெட்டி. சட்டுன்னு பத்துப் பேர்கிட்ட குடுத்து உபயோகிச்சுப் பாக்கச் சொல்லலாம், அந்தச் சுதந்திரத்துலதான் அவங்க வளந்தாங்க. முழு விமானம் கட்டுறவருக்குக் கூட நிக்க ஒரு நிறுவனமோ அரசோ இருந்தே ஆகணும். டிஜிசிஏவைத் தளர்த்தச் சொல்லாதீங்க, கூட நிக்கிற ஆளைத் தேடச் சொல்லுங்க.

மேகவழி

பாதுகாப்பு விதியைத் தளர்த்தச் சொல்லல சார். பைலைப் பாக்காமயே வருஷக்கணக்குல வச்சிருக்கிறது பாதுகாப்பு இல்லையே? வேணாம்னா ஏன் வேணாம்னு எழுத்துல சொல்லட்டும், செஞ்சவர் திருத்திக்குவாரு. அந்த இடத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

ஓடுபாதை27

அதுல நானும் உங்க பக்கம்தான். பதில் சொல்லாம இருக்கிறதுக்கு எந்த விதியும் காரணம் ஆகாது.

நீலவானம்

காகிதம்தானேன்னு சொன்னதும் எனக்கு காலி விபத்து ஞாபகம் வந்துச்சு. 1995 டிசம்பர் 20, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, மயாமில இருந்து கொலம்பியாவுல காலிக்கு. 163 பேர்ல 159 பேர் இறந்துட்டாங்க. காகித சார்ட்ல ரோசோங்கிற ரேடியோ கலங்கரைக்கு (தரையில இருந்து சிக்னல் அனுப்பி விமானத்துக்கு வழி காட்டுற நிலையம்) ஆர்னு ஒரே எழுத்து அடையாளம் போட்டிருந்துச்சு. விமானக் கம்ப்யூட்டர்ல அதே ஆர் எழுத்தை அடிச்சா பொகோட்டா பக்கம் இருக்கிற ரோமியோங்கிற வேற கலங்கரைதான் முதல்ல வரும், ரோசோ வேணும்னா முழுப் பேரை அடிக்கணும். பைலட் ஆர் அடிச்சாரு, முதல்ல வந்ததை எடுத்தாரு, விமானம் இருட்டுல இடது பக்கம் மலையைப் பாத்துத் திரும்பிடுச்சு. எங்க இருக்கோம்னு சரியா தெரியாமயே இறங்கிக்கிட்டு இருந்தது பைலட்டுங்க தப்புதான், விசாரணையும் அப்படித்தான் சொன்னுச்சு. ஆனா 2000ல அமெரிக்க கோர்ட் ஜூரி பொறுப்பைப் பிரிச்சப்ப ஏர்லைனுக்கு 75 சதவீதம், ஜெப்பசன் கம்பெனிக்கு 17, கம்ப்யூட்டர் செஞ்ச ஹனிவெல்லுக்கு 8னு வந்துச்சு.

எல்ரே ஜெப்பசன் 1961லயே கம்பெனியை டைம்ஸ் மிரர்ங்கிற பத்திரிகை நிறுவனத்துக்கு வித்துட்டாரு, 1996 நவம்பர்ல காலமாயிட்டாரு. அவரை இதுல இழுக்கல. ஒரு பைலட் தன் நண்பர்களுக்காக எழுதின நோட்டுல தப்பு இருந்தா அவரே முதல்ல சாவாரு, அதனால பாத்துப் பாத்து எழுதுவாரு. அதே வேலை ஒரு பெரிய நிறுவனத்துல டேட்டாபேஸா மாறுனதும், எழுதுறவரும் பறக்குறவரும் வேற வேற ஆள். அந்த இடைவெளியை யாரு பாத்துக்கிறது? இதுதான் என் மனசை உறுத்துற கேள்வி.

ஓடுபாதை27

சரியான கேள்வி நீலவானம். காகிதம்னு சொன்னப்ப நான் சர்டிஃபிகேஷன் செலவைத்தான் மனசுல வச்சேன், பொறுப்பு சமம்தான், சொல்லப்போனா கூடத்தான், ஏன்னா ஒரு தாள் தப்பா போனா அன்னைக்கு அதை உபயோகிக்கிற அத்தனை விமானத்துக்கும் தப்பு போகும். காலிக்கு அப்புறம் காகிதத்துல இருக்கிற பேரும் கம்ப்யூட்டர்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்ங்கிற விஷயத்துக்கு துறை முழுக்க அதிக கவனம் வந்துச்சு. எங்களுக்கும் பயிற்சியில இந்த விபத்தைத் தவறாம சொல்லிக் குடுப்பாங்க, கம்ப்யூட்டர்ல ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தா அது நிஜமாவே முன்னாடிதான் இருக்கான்னு தூரத்தையும் திசையையும் பாத்துட்டுத்தான் அடுத்த பட்டனை அமுக்கணும், ரெண்டாவது பைலட்டும் பாக்கணும்.

கணக்கன்

பணக் கணக்கையும் போட்டு வச்சிடுறேன். 2000ல போயிங் ஜெப்பசன் கம்பெனியை 1.5 பில்லியன் டாலருக்கு வாங்குச்சு. 2025 ஏப்ரல்ல அதையும் ஃபோர்ஃப்ளைட் (பைலட்டுங்களுக்கான ஆப்) மாதிரி வேற சில டிஜிட்டல் தொழில்களையும் சேத்து 10.55 பில்லியன் டாலருக்கு தோமா பிராவோங்கிற முதலீட்டு நிறுவனத்துக்கு விக்கிறதா அறிவிச்சாங்க. பேப்பர் போய் ஐபேட் வந்தப்ப இந்தத் தொழில் படுத்துடும்னு நினைச்சவங்க இருந்தாங்க. ஓடுபாதை சார் சொன்ன மாதிரி வித்தது காகிதம் இல்ல, சரியான தகவல், அதனாலதான் காகிதம் போனாலும் தொழில் நின்னுச்சு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013ல முழுசா டேப்லெட்டுக்கு மாறினப்ப, ஒவ்வொரு பைலட்டும் தூக்கிட்டுப் போன 35 பவுண்டு பை குறைஞ்சதுல வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல எரிபொருள் மிச்சம்னு அவங்களே சொன்னாங்க.

புதியசிறகு

வணக்கம், நான் இங்க புதுசு. கிரவுண்ட் ஹேண்ட்லிங்ல, ராம்ப்ல (விமானம் நிக்கிற இடம்) வேலை பாக்குறேன். எனக்கும் ஒரு யோசனை இருக்கு, விவரம் இங்க எழுதல. விமானத்துல மாட்டுற பொருள் இல்ல, வெளிய தரையில உபயோகிக்கிறது. எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஹேங்கர்_தம்பி

வாங்க நண்பா. விவரம் எழுதாதது ரொம்ப நல்லது, காப்புரிமை விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி பொதுவுல வெளியிட்டா பின்னாடி அதுவே தடையா நிக்கும். முதல்ல உங்க வேலை ஒப்பந்தத்தை எடுத்துக் கண்டுபிடிப்பு பத்தி என்ன எழுதியிருக்குன்னு வரி வரியா படிங்க, புரியலன்னா ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. கம்பெனி நேரத்துலயோ கம்பெனி பொருள்லயோ செய்யாதீங்க. தேதி போட்ட நோட்டுல படத்தோட எழுதி வைங்க. தற்காலிக விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுட்டா முழு விண்ணப்பத்துக்கு 12 மாசம் டைம் கிடைக்கும்.

விமானத்துல மாட்டுற பாகம்னா ஒப்புதல் இல்லாம ஒரு திருகாணி கூட மாட்ட முடியாது. உங்களோடது தரைக் கருவி, அந்த அளவுக்கு இல்ல. ஆனா மெயின்டனன்ஸ்ல உபயோகிக்கிற டூல்னா, தயாரிப்பாளர் மேனுவல்ல சொன்ன டூலுக்குப் பதிலா வேற ஒண்ணை எடுக்கிறதுக்கு, ரெண்டும் சமம்னு காட்டி ஒப்புதல் வாங்குற முறை இருக்கு. அதே மாதிரி விமானத்தைத் தொடுற எந்தப் பொருளா இருந்தாலும், தொடுற இடம் ரப்பரா, அழுத்தம் எவ்வளவு, காத்துல நகருமான்னு கேப்பாங்க. இப்ப வர்ற விமானங்கள்ல உடம்பு காம்போசிட் (நாரும் பிசினும் சேத்துச் செஞ்ச பொருள்), லேசா இடிச்சாலும் வெளிய ஒண்ணும் தெரியாம உள்ள அடிபட்டிருக்கும், அதை மனசுல வச்சு வடிவமைங்க.

தரைவிளக்கு

தம்பி சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க. வடிவத்தைப் பாதுகாத்ததுக்கு அப்புறம், உங்க ஷிஃப்ட்ல ரொம்பக் குறை சொல்ற ஆள் யாரோ அவர்கிட்ட முதல்ல குடுங்க. மழையில, ராத்திரியில, கையுறை போட்ட கையோட அவர் உபயோகிக்கட்டும். அவர் திருப்பிக் கேட்டு வந்தா அடுத்த ஷிஃப்ட்டுக்குக் குடுங்க.

புதியசிறகு

ரொம்ப நன்றி. ஒப்பந்தத்தை இன்னைக்கே எடுத்துப் பாக்குறேன். அதுல புரியாத வரி இருந்தா பேர் எல்லாம் எடுத்துட்டு இங்க கேக்குறேன், கணக்கன் சார் பாத்துச் சொல்லுங்க.

கணக்கன்

போடுங்க, பாக்குறேன். எந்த மாநிலத்துல வேலை, நிரந்தரமா இல்ல ஒப்பந்தத் தொழிலாளியாங்கிறதையும் சொல்லுங்க, ஏஜென்சி மூலமா சேந்திருந்தா முதலாளி யாருங்கிறதே வேற கேள்வி ஆயிடும்.